பேச்சை நிறுத்தியவள் சொன்ன சாட்சி

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அதை உடைக்கும் மெஷினில் இரண்டு பெண்கள் ஜோடியாக நிற்க வேண்டும். ஒருத்தி மேலே கொட்டுவாள், இன்னொருத்தி கீழே பருப்பை வாருவாள். யாருக்கு யார் ஜோடி என்று ஒருமுறை சேர்த்துவிட்டால், அப்புறம் புருஷன் பெண்டாட்டி மாதிரிதான், லேசில் மாற்ற முடியாது.

எனக்கு வாய்த்த ஜோடியோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அவளிடம் மில்லில் வைத்தே பத்திரிகையை நீட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, குங்குமம் கொடுத்து அழைக்கவில்லையாம். தினமும் எதிரே நிற்கிறவளுக்கு எதற்கு அத்தனை உபசாரம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் விழாவுக்கும் வரவில்லை, அன்றோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். நான் மட்டும் சளைத்தவளா? நானும் நிறுத்திவிட்டேன். மெஷின் சத்தத்தில் எப்படியும் பேசினால் காதில் விழாது என்பதால் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அன்றைக்கு மெஷினில் தோல் அடைத்துக்கொண்டது. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் மேஸ்திரி கத்துவார் என்று எல்லோருமே ஓடும்போதே கையை விட்டு எடுப்போம். நானும் விட்டேன். நான் போட்ட அலறல் யாருக்கும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்த அவள்தான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். தன் முந்தானையைக் கிழித்து என் கையில் சுற்றினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் என் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். அப்போதும் என்னிடம் வாயைத் திறக்கவில்லை.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மிச்ச விரல்களும் சரியாக மடங்கவில்லை. இனி மில் வேலை கிடையாது. சோறு பிசைவதற்குக்கூட இடது கைதான்.

"எல்லாத்தையும் நான் பாத்துக்கறேம்மா" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன முதலாளி, நஷ்டஈடு என்று பேச்சு எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். விழுப்புரத்தில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அங்கே முதலாளி தரப்பில் ஒரே போடாகப் போட்டார்கள். நான் அந்த மில் ஆளே இல்லையாம், யாரையோ பார்க்க வந்த இடத்தில் சும்மா கையை விட்டுவிட்டேனாம்! எங்களுக்கெல்லாம் சனிக்கிழமை கையில் கூலி. பேர் எழுதி வைத்தது கிடையாது. நான் அங்கே வேலை செய்தவள் என்று காட்ட என் கையைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

மில்காரர் பக்கம் வாய்தா மேல் வாய்தா கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் போவதும் சும்மா திரும்புவதுமாக ஒரு வருடம் ஓடிவிட்டது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பணம் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போகவே பிடிக்காமல் போனது.

இலவசமாக எனக்கு வாதாடிய வக்கீலம்மா சொன்னார், "கூட வேலை செஞ்சவங்க ஒருத்தர் வந்து சொன்னா போதும்மா." மில் பெண்கள் ஒவ்வொருத்தியையும் கேட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவளிடம் மட்டும் நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், "போய் ஒரு வார்த்த கேளு, கொறஞ்சா பூடுவ?" என்று தினமும் நச்சரித்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

அடுத்த வாய்தாவுக்கு நானும் வீட்டுக்காரரும் போனால், அலுவலக வராந்தா பெஞ்சில் எங்களுக்கு முன்பே அவள் உட்கார்ந்திருக்கிறாள்! "அந்தத் தேதியில எவளும் விழுப்புரம் பக்கம் போகக் கூடாது" என்று முதலாளி எல்லோரையும் மிரட்டியிருக்கிறார். தேதியை அவர் வாயாலேயே தெரிந்துகொண்டு கிளம்பி வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விசாரணையில், நடந்ததை நடந்தபடி சொன்னாள். மில் வக்கீல் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்க. அதான் அவங்களுக்குச் சாதகமா பேசறீங்க."

அவளுக்கு வந்ததே கோபம்! "யாரு, நானா? இவகூட பேசியே வருசக் கணக்காவுது சார். பொண்ணு மஞ்சத்தண்ணிக்குக் கூப்புடணும்னா வூட்டுக்கு வந்து தட்டுல வச்சுக் கூப்புடணும். மில்லுத் தூசில நின்னுகினு பத்திரிகைய நீட்டுறா. நான் இன்னா போஸ்டு பொட்டியா?"

விசாரித்த அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவங்க எத்தனை வருஷமா அங்கே வேலை செய்தாங்க என்று கேட்டார்.

"எட்டு வருசம் பேசிகினு செஞ்சோம். அப்பால ரெண்டு வருசம் பேசாத செஞ்சோம். எனக்கும் அவளுக்கும் ஆவாதுதான் சார். அதுக்காவ அவ கை போனது பொய்யாயிடுமா? மோட்டார நிறுத்துனவ நான்."

மில் வக்கீல் காகிதக் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் அவள் பாட்டுக்கு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். திண்டிவனம் பஸ்ஸில் ஏறினால், எங்களுக்கு முன் சீட்டில் இருக்கிறாள். டிக்கெட் எடுக்கப் பணத்தை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "ரெண்டு பேருக்கும் முன்னாடி இருக்கற அம்மா எடுத்துட்டாங்க" என்றார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வேறு மில்லில் சேர அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அதற்குப் பிறகும் இழுத்து, ஒருவழியாகப் பணம் என் கணக்கில் ஏறியது. செல்போனில் செய்தியைப் பார்த்ததும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, "பணம் வந்துட்டுச்சு" என்றேன். அத்தனை வருடம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். "பனி நாள்ல வலிக்குதா?" என்று கேட்டாள்.

கை போன பிறகு அந்த இரண்டு வருடத்தில் யாருமே என்னிடம் கேட்காத கேள்வி அது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நஷ்டஈட்டுப் பணம் கடனுக்கும் வைத்தியத்துக்கும் கரைந்துவிட்டது. ஆனால் நான் கூப்பிடாமலே எனக்காக விழுப்புரம் வரை வந்து உட்கார்ந்திருந்தவளை நினைக்கும்போது, கோபத்தில் ஒருத்தர் பேசாமல் இருந்தால்கூட அவர் நமக்கு இல்லாமல் போய்விட்டார் என்று முடிவுகட்ட இப்போதெல்லாம் எனக்கு மனசு வருவதில்லை.