மட்டி நிலத்தில் நட்ட கன்றுகள்

அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மற்ற நாள்களில் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவவும் அமிலம் அளந்து வைக்கவும் வேலை இருந்தது. ஞாயிறன்று சமைப்பதற்குக்கூட யாருமில்லை. கொரோனா அடங்கி ஊர் மறுபடி நடமாடத் தொடங்கிய சமயம். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி கடற்கரையைச் சுத்தம் செய்யும் குழு ஒன்றில் இருந்தாள். அவள் கூப்பிட்டாள், போனேன்.

முதல் சில மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, சனிக்கிழமை வந்துபோன வெளியூர்க்காரர்கள் பாறைகளுக்கிடையே விட்டுச்சென்ற பாட்டில்களைக் கோணியில் சேர்ப்போம். முடிந்ததும் டீயும் வடையும். யாராவது பாடுவார்கள். ஒருமுறை, சுற்றுச்சூழலைக் காக்க என்று சொல்லி வேறொரு அமைப்பு ஓட்டப்பந்தயம் நடத்தியது. ஓடியவர்கள் போன பிறகு கடற்கரைச் சாலை நெடுக பிளாஸ்டிக் குவளைகள். குனிந்து குனிந்து பொறுக்கினோம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

எங்கள் தெருவிலிருந்து இன்னொருவரும் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சில் ‘ஐயா’ என்கிற மாதிரி தெருவில் எல்லாருக்கும் அவர் முசே. மனைவி இறந்து பல வருடம். மகன் பிரான்ஸில். வீட்டு இடுக்கியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வருவார். பேசுவது குறைவு. குழுவாகப் போட்டோ எடுக்கும்போது மட்டும் காணாமல் போய்விடுவார். கேட்டால், "குப்பையோட எதுக்கும்மா போட்டோ" என்பார்.

அடுத்த வருடம் ஒரு கம்பெனி எங்களுக்கு உதவ முன்வந்தது. கடற்கரையில் பொறுக்கியது போதும், அலையாத்தி மரம் வளர்க்கலாம் என்றார்கள். புயல் வந்தால் கரையைக் காக்கும், மீன் குஞ்சுகள் வேர்களுக்குள் வளரும் என்று எல்லாரும் சொன்னோம். அது பொய்யும் இல்லை. குழுவின் தலைவர் ஒருநாள் வண்டியில் போய் இடம் பார்த்துவிட்டு வந்தார். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வீராம்பட்டினம் பக்கத்துக் கரையில், தண்ணீர் இறங்கினால் பளபளவென்று சேறு தெரியும் ஒரு திட்டு. யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்றார். அந்த வார்த்தையை நாங்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு காலையில் நட்டோம். பந்தல், பேனர், பள்ளிப் பிள்ளைகள், கம்பெனிக்காரர்கள். ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினோம். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷம். என் கையால் நட்ட கன்றுகளின் நுனியில் இரண்டு இலைகள் இருந்தன. அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பராமரிப்புப் பொறுப்பு எனக்கும் முசேவுக்கும் வந்தது. வாரம் தவறாமல் போய் ஆற்றோடு வந்து கன்றைச் சுற்றிக்கொள்ளும் பைகளையும் துணிகளையும் எடுத்தோம். ஆடு மாடு இறங்குகிறது என்று மூங்கில் நட்டு, பழைய நைலான் வலையை வாங்கி வேலி கட்டினோம். உள்ளே வரக் கூடாது என்று ஒரு பலகை. அந்தப் பலகையை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, நாங்கள் போனபோது வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் வலைப்பை. கையில் அலுமினியச் சட்டி. வீராம்பட்டினத்துக்காரர். சேற்றுக்குள் கையால் தடவி மட்டி என்கிற சிப்பியை எடுத்து, அரியாங்குப்பம் மார்க்கெட்டில் விற்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாரு இதக் கட்டுனது?" என்றார்.

"நாங்கதான்க்கா" என்றேன்.

"இது எங்க மட்டி நெலம்மா. நானு, இன்னும் நாலஞ்சு பேரு, இங்கதான் எறங்குவோம். மழைக்கு வராம இருந்தோம். வந்து பாத்தா வலையக் கட்டி வச்சிருக்கீங்க. யாரக் கேட்டு வச்சீங்க?"

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கரை அரிப்பு, புயல், மீன் குஞ்சு. அவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் கோபம் குறைந்ததாகக்கூடத் தோன்றியது.

"நல்லதுதாம்மா. வேணான்னு யார் சொன்னா? அந்தாண்ட மேடா இருக்குது பாரு, அங்க வச்சா நிக்கும். இங்க தண்ணி இழுக்கும், நிக்காது. சரி, வச்சது வச்சிட்டீங்க. ஒரு ஆள் போறாப்புல வழி விடுங்க. கன்ன மிதிக்க மாட்டோம். எங்களுக்குத் தெரியாதா?"

முசே உடனே, "விட்டுடலாம்மா. அந்த மூலையில ரெண்டு மூங்கிலப் புடுங்கினா போதும்" என்றார்.

நான்தான் மறுத்தேன். மாசியில் கம்பெனியிலிருந்து வந்து பார்க்கப் போகிறார்கள். வேலி திறந்திருந்தால், கன்று மிதிபட்டிருந்தால் என் பொறுப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்கு. இன்று யோசித்தால் அவ்வளவுதான் காரணம்.

"ரெண்டு மாசம் பொறுத்துக்குங்கக்கா" என்றேன். "அவங்க வந்து பாத்துட்டுப் போயிட்டா நாங்களே வழி விட்டுடறோம். அதுவரைக்கும் வேற எடத்துல எடுக்க முடியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். பலகையையும் பார்த்தார். "ரெண்டு மாசம் வயிறு பொறுக்குமாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு, கரையோடு மேற்கே நடந்தார். முசே அன்றைக்கு வேலிக்குள் இறங்காமல் கரையிலேயே குப்பை பொறுக்கினார்.

மாசியில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அதற்குள் பாதிக்கு மேல் கன்றுகள் சாய்ந்திருந்தன. தலைவர் அவர்களை நன்றாக நின்ற ஒரு வரிசைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார். கால்மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். வழி விடுவதாகச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவில்லை. வந்து கேட்டால் விடலாம் என்று இருந்துவிட்டேன். கல்லூரியில் தேர்வு நேரம் வேறு. பங்குனி வெயிலில் மிச்சக் கன்றுகளும் கருகின. சேற்றில் குச்சிகள் மட்டும் நின்றன. முசேவும் நானும் போவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகி, பிறகு நின்றது.

ஆடியில் வீராம்பட்டினம் அம்மன் தேர். அந்தக் கூட்டத்தில் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று சொல்லித் துணிப்பை கொடுக்க எங்கள் குழு ஒரு மேசை போட்டிருந்தது. பலூன்காரர்களின் பீப்பி, மைக்கில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர், வெயில். நானும் இன்னும் இருவரும் வருகிறவர்களுக்கெல்லாம் பை நீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பையை வாங்கியவள் நகராமல் என் பனியனில் இருந்த மரம் போட்ட முத்திரையையே பார்த்தாள்.

"ஆத்தாண்ட வேலி போட்டது நீங்களா?"

"ஆமாம்மா."

"பலக எழுதி வச்சது?"

"நான்தான். ஏன்?"

"எங்க அம்மாவத் தெரியுமா? மட்டி எடுப்பாங்க. உங்ககிட்ட வந்து பேசினாங்களாமே."

தெரியும் என்றேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள். "காலு எடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். வேலி போட்ட பிறகு அம்மா பாலத்தைத் தாண்டி மறுகரையில் இறங்கியிருக்கிறார். அங்கே வீடு இடித்த கல்லும் கண்ணாடியுமாகக் கொட்டியிருக்கிறார்கள். சேற்றுக்குள் இருந்தது தெரியவில்லை. உள்ளங்காலில் வெட்டு. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் இறங்கியிருக்கிறார். சர்க்கரை இருப்பது அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அழுகல் முழங்கால்வரை வந்துவிட்டது என்று சொன்னார்களாம்.

சொல்லி முடித்ததும் துணிப்பையை மேசைமேல் மடித்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை முசே வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். நீதான் மறுத்தாய் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். "நானாவது அன்னைக்கே புடுங்கியிருக்கணும்" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

இருவரும் விசாரித்துக்கொண்டு போனோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அவர் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். புடவை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு, "வாம்மா, ஒக்காரு" என்றார். முசேவுக்கு மகள் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"என்னாலதான்க்கா" என்றேன்.

"நீ வேலி போட்ட. கண்ணாடிய நீயா கொட்டின?" என்றார். ஆறுதலாகச் சொல்லவில்லை, கணக்காகப் பிரித்துச் சொல்வது போலச் சொன்னார். பூண்டுத் தோலை முறத்தில் தள்ளிவிட்டு, "கன்னு பொழச்சிதா?" என்று கேட்டார்.

முசே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லக்கா."

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட இல்ல."

அவர் உரிப்பதை நிறுத்தினார். முதல்முறையாக அந்த முகம் கலங்கியது. காலை இழந்ததைப் பேசும்போது இல்லாத ஏதோ ஒன்று அப்போது வந்தது. "ஒரு நாலாவது நின்னிருக்கும்னு நெனச்சேன்" என்றார். "அப்ப எதுக்கும்மா?"

அந்தக் கேள்விக்கான பதிலைப் பிறகு எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை.

அந்த வாரமே முசேவும் நானும் வேலியைப் பிடுங்கினோம். அவருக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. வலையில் நண்டுகள் சிக்கிக் காய்ந்திருந்தன. கத்தியால் அறுத்து அறுத்துச் சுருட்டினோம். பலகையைச் சுமந்து வந்து என் வீட்டு மாடியில் குப்புறப் போட்டேன். மற்றப் பெண்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தார்கள். ஆனால் வலை தடுத்துத் தடுத்து அங்கே மணல் ஏறியிருந்தது. முன்போல மட்டி இல்லை என்றார்கள். நாளாவட்டத்தில் அவர்களும் வருவதை விட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் எழுந்து சொன்னேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் உதவி திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தலைவர் மட்டும், "வருத்தமான விஷயம்தான். ஆனா அதுக்கும் நம்ம வேலைக்கும் நேரடியா சம்பந்தம் இல்லையே" என்றார். அடுத்து காலாப்பட்டுக் கடற்கரைப் பக்கம் பனை விதை போடலாம் என்று பேச்சு போனது. அங்கே இருக்கிறவர்களைக் கேட்டீர்களா என்றேன். கேட்கலாம், கேட்கலாம் என்றார்கள். கேட்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். நான் போய்க் கேட்டேன். மூன்று வாரம் அலைந்து, எங்கே வலை உலர்த்துகிறார்கள், எங்கே படகு ஏற்றுகிறார்கள் என்று வரைந்து எடுத்துவந்தேன். அதற்குள் விழா நாள் குறித்தாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பேருந்து நிறுத்த வசதியான இடமாக வேறொன்றைப் பார்த்திருந்தார்கள். அன்றோடு விலகினேன்.

முசே அடுத்த வருடம் மகனிடம் போய்விட்டார். போவதற்கு முந்தின நாள் வந்து என் வாசலில் நின்றார். "அங்க எங்க தெருவுல குப்பையே கெடையாதும்மா. நான் என்ன பண்ணப் போறேன்னு தெரியல" என்றார். சிரிக்க முயன்றார். அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டார் என்று மகனிடமிருந்து தகவல் வந்தது. அங்கேயே அடக்கம்.

அந்த அக்காவுக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. அளவெடுக்க மூன்று முறை நான் கூடப் போனேன். முதல்நாள் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரைப் பிடிக்காமல் நடந்துகாட்டியபோது பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து கடல்பக்கம் இறங்கினால் மணலில் புதைந்துகொள்கிறது. இரண்டு தடவை விழுந்தார். இப்போது தெருமுனையில் கட்டைமேல் உட்கார்ந்து கருவாடு விற்கிறார். மகள் நர்ஸிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குக் கூடை தூக்குகிறாள்.

மாதம் ஒருமுறையாவது போகிறேன். அக்கா ஊர்க்கதை பேசுவார். மழை வருமா, கல்லூரியில் வேலை எப்படி, ஏன் தனியாகவே இருக்கிறேன் என்று கேட்பார். போன வாரம் போனபோது அவர் மருந்து வாங்கப் போயிருந்தார், மகள் மட்டும் இருந்தாள். கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். படிப்பைத் தொடரலாமே, கல்லூரியில் விசாரிக்கிறேன் என்றேன்.

"எங்களுக்காக நீங்க எதுவும் பண்ணாதீங்கக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்து நின்றவருக்கு எடைபோடத் திரும்பிக்கொண்டாள்.