கழுத்தில் எட்டுத் திருகாணி

படத்தின் கதை இதுதான்: வேற்றுக் கிரகத்திலிருந்து ஆயிரம் இயந்திர மனிதர்கள் பூமியைப் பிடிக்க வருகிறார்கள். அந்த ஆயிரம் பேரும் ஒரே ஆள்தான். பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் ஒட்டடைக்குச்சி. ஒரு கவசம் செய்யத்தான் வக்கு இருந்தது என்பதால், அவனையே இங்கே நிறுத்தி ஒரு தடவை, அங்கே நிறுத்தி ஒரு தடவை எடுத்து ஒட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

அவன் சிக்கிய விதமும் கேட்கவேண்டியதுதான். கவசத்துக்கு உதவுமா என்று பழைய பிரிட்ஜ் கதவுகளைப் பொறுக்க டைரக்டர் கடைக்கு வந்திருந்தார். கதவைத் தூக்கிக் காட்டியவனை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கதவைப் பார்க்கவேயில்லை.

"தம்பி, உன் உசரத்துக்கு நீ இங்க இருக்கவேண்டிய ஆளே இல்ல."

அவனுக்கு மூடிய இடம் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை, ஈரக்குலை நடுங்கும் பயம். லிஃப்டில் ஏறமாட்டான். ஏழாவது மாடிக்கும் பிரிட்ஜை முதுகில் ஏற்றிக்கொண்டு படியில்தான் போவான். ஊரார் அதைப் பலம் என்று நினைத்தார்கள், அவனும் திருத்தவில்லை. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாமல் பாட்டுப் பாடுவான். அந்தப் பாட்டைக் கேட்டு எவரும் கிட்ட வந்ததில்லை. மனைவிக்குக்கூட உண்மை தெரியாது. டைரக்டரிடம் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் எட்டு வயது மகள், "எங்கப்பா சினிமால நடிக்கறார்" என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த அப்பன் பின்வாங்குவான்?

கவசத்தைச் செய்தவர் ஒரு வெல்டர். நெஞ்சுக்குப் பிரிட்ஜ் கதவு, கைகளுக்குத் தகரக் குழாய், தலைக்குப் பழைய வாட்டர் ஹீட்டரின் உருளை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்குக் கீழே மூச்சுக்கு ஒரு வரிசைத் துளை. தலையையும் உடம்பையும் பிடரியில் எட்டுத் திருகாணி போட்டு வெளியிலிருந்து முடுக்கவேண்டும். குழாய்க்குள் முழங்கை மடங்காது. ஆக, உள்ளே போனவன் தானாக வெளியே வர வழியே இல்லை.

"பயப்படாதீங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார் வெல்டர். பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் யாருக்கும் ஒரே ஒரு வேலை கிடையாது. கவசம் செய்த வெல்டர்தான் வேன் ஓட்டவேண்டும், அவர்தான் விஞ்ஞானியாகவும் நடிக்கவேண்டும்.

முதல் இரண்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றிவிட்டான். மூன்றாம் நாள் காலை, ஒரு பழைய கிடங்குக்குள் சண்டைக் காட்சி. எட்டாவது திருகாணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்த வெல்டரிடம் யாரோ, சாப்பாடு எடுத்துவர வேன் போகவேண்டும் என்றார்கள். திருப்புளியைச் சட்டைப் பையில் செருகியபடி அவர் கிளம்பிப் போனார். இருந்தது அந்த ஒரு திருப்புளிதான். கண் ஓட்டை வழியாக அவர் முதுகு வாசலைத் தாண்டும்வரை ஒட்டடைக்குச்சி பார்த்துக்கொண்டே நின்றான்.

அப்புறம் புகை போட்டார்கள். புகை இயந்திரம் ஏது? தகர டப்பாவில் ஈர வைக்கோலைக் கொளுத்தினார்கள். மூச்சுக்கென்று விட்டிருந்த துளை வழியாக அந்தப் புகைதான் உள்ளே வந்தது. ஒரு இழுப்பு இழுத்தான். நெஞ்சு அடைத்தது. இன்னொரு இழுப்பு. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சு, வேர்வையில் ஊறி மூக்கில் அப்பிக்கொண்டது.

"திறங்க! திறந்து விடுங்க!" என்று அலறினான்.

குரல் வெளியே போகவேயில்லை என்று சொல்லமுடியாது. கொஞ்சம் போனது. ஆனால் அந்தப் படத்தில் பேச்சையெல்லாம் பிறகுதான் பதிவு செய்வார்கள். படப்பிடிப்பில் எவன் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளும் வழக்கமே அங்கே இல்லை. சுவரில் போய்த் தலையை மோதினான். விழுந்தான், எழுந்தான், மறுபடி மோதினான். தகரக் கை பிடரியை நோக்கிப் போய்ப் போய்ப் பாதியில் நின்றது.

"அடடா! அப்படித்தான் தம்பி, நிறுத்தாதே! கேமரா, நீ எடுத்துக்கிட்டே இரு!" என்று டைரக்டர் துள்ளினார். மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

சாகப்போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது வேன் சத்தம் கேட்டது. "சாப்பாடு வந்தாச்சு" என்று யாரோ சொல்ல, காட்சியை நிறுத்தினார்கள். சோறு வந்ததால் உயிர் வந்தது. தலையைக் கழற்றிய வெல்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே அவன் படத்தைவிட்டு விலகினான். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று வீட்டில் ஒரு சப்பைக்கட்டு. டைரக்டர் எடுத்தவரைக்கும் வைத்து எப்படியோ முடித்துவிட்டார்.

படம் வந்த அன்று மகள் அவனையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். தியேட்டரில் ஒரே சிரிப்பு. கதாநாயகனின் லேசர் துப்பாக்கி தலைமுடி உலர்த்தும் கருவி என்பது வயரோடு தெரிந்தது. விண்கலத்துச் சுவரில் 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருந்தது. அட்டையில் செய்த மாநகரத்தின் மேல் ஒரு பல்லி நிதானமாக ஊர்ந்து போனது. மகளும் சிரித்தாள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்து எது வரப்போகிறது என்று தெரிந்து நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடலாமா என்று வாசல் பக்கம் பார்த்தான்.

திரையில் புகை எழுந்தது. இயந்திர மனிதன் சுவரில் தலையை மோதினான். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவன் விழுந்து, எழுந்து, மறுபடி மோதினான். யாரோ கை தட்ட, அரங்கமே கை தட்டியது. முழுப் படத்திலும் தேறியது அந்த ஒரு காட்சிதான்.

"நடிப்புன்னா இதுங்க!" என்று பின்வரிசைக்காரர் சொன்னார். மனைவி பெருமையோடு கணவன் பக்கம் திரும்பினாள்.

மகள் கை தட்டவில்லை. நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுது! கழட்டி விடுங்க! யாராவது கழட்டி விடுங்களேன்!"

படப்பிடிப்பில் அத்தனை பேர் பக்கத்திலேயே நின்று பார்த்தும் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக் கதறிக்கொண்டே இருந்தாள். அப்பா இங்கேதான் இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.