என் கதையில் பேய் கிடையாது

என் கதையில் பேயே கிடையாது. இதை எத்தனை பேரிடம் சொல்லி வாய் வலித்திருக்கிறது! பயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சிறுவர்களுக்கென்று எழுதிய புத்தகம். படித்த பிள்ளைகள் விளக்கை அணைக்க விடாமல் அழுததாகத் தாய்மார்கள் என்னைத் தெருவில் நிறுத்தித் திட்டினார்கள். ஆனால் பேய் இல்லை.

கதை இவ்வளவுதான். நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருநாள் ஐந்து மங்குக் கிண்ணத்தில் சோறு போட வேண்டியிருக்கிறது. கூடுதலாக வந்த பிள்ளை எது? யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் பிறந்ததிலிருந்து தெரியும். வந்த பிள்ளைக்கே தான் வந்தது தெரியாது. ஒவ்வொருவரும் போர்வைக்குள் தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியில், கதை சொல்லும் பெண்ணுக்கு அது தான்தான் என்று தெரிந்துவிடுகிறது. எழுந்து வாசலுக்குப் போகிறாள். தாய்க்கோ அது முதல் நாளே தெரியும். “எங்கே போறே, சோறு ஆறுது” என்று மங்குக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுகிறாள். முடிந்தது.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஒருவரும் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்தாலே போதுமே! ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, தெங்கேராவில் ஒரு சீனக் குடும்பம் தங்கள் பெண்குழந்தையைத் தமிழ் வீட்டுக்குக் கொடுத்தது. அந்தக் குழந்தை நான். பொட்டு, பாவாடை, தேவாரம் என்று ஒரு குறையும் இல்லாமல்தான் வளர்த்தார்கள். ஆனாலும் மார்க்கெட்டில் மீன்காரன் என்னிடம் மட்டும் சீனத்தில் விலை சொல்வான். அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதைப் பற்றி ஒருநாளும் அவள் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான், மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு என் கதையை நாடகமாகப் போடுகிறோம் என்று ஊர் மன்றத்துக்காரர்கள் வந்ததும் உடனே சரியென்றேன். பேருக்கும் புகழுக்கும் இல்லை. அந்தக் கடைசிக் காட்சியை அம்மா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்ல வேண்டும்.

மேடையில் கடைசிக் காட்சிக்கு ஒரு பூசாரி வந்தார். என் புத்தகத்தில் ஏது பூசாரி? வேப்பிலைக் கொத்தால் ஐந்தாவது பிள்ளையை அடி அடியென்று அடித்து, “போ, வந்த வழியே போ!” என்று விரட்டினார். அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் மாவு பூசி, கரியால் கண்ணை மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாவிகள்! அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் மாத்துனீங்க?” என்று மன்றத் தலைவரைப் பிடித்துக் கேட்டேன்.

“ஜனங்க நிம்மதியா வீட்டுக்குப் போக வேணாமா தங்கச்சி? பேய உள்ளயே விட்டுட்டு எப்படி திரை போடுறது?” என்றார்.

அதற்குப் பிறகு வானொலிக்காரர்கள் கேட்டார்கள். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று புத்தகத்தை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். அதைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நாடகத்தைத்தான் எடுத்தார்கள், உடுக்கைச் சத்தம் மட்டும் கூடுதல். ஒலிபரப்பான அன்று பக்கத்து வீட்டாரெல்லாம் எங்கள் வீட்டில் கூடிக் கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு, என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“நல்லா வெரட்டுனாருலா அந்தப் பூசாரி” என்றாள் அம்மா, கோப்பைகளை அடுக்கியபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அது என் கதையே இல்லம்மா!” என்று கத்தினேன். பிறகு உட்கார்ந்து, நான் எழுதிய முடிவை முதன்முதலாக அவளிடம் சொன்னேன். வாசல்வரை போன பெண், தள்ளிய மங்கு, ஆறுகிற சோறு, எல்லாவற்றையும்.

அம்மா கோப்பைகளைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்த ஆத்தாக்காரிக்கு மொதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

“தன் புள்ள இல்லேன்னு?”

“ஆமாம்மா.”

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“தெரிஞ்சும் எதுக்குடி வச்சிருந்தா?”

அதை அவளிடம் கேட்கத்தான் நான் அந்தப் புத்தகத்தையே எழுதினேன்.