சீட்டில் எழுதிய நாகம்

கலாராணியின் வீட்டுக்குள் பாம்பு புகுந்தது ஒரு கிளினிக் சீட்டின் வழியாக. அவள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். மகள் லக்ஷனாவுக்கு மூன்று வயதாகியும் எடை ஏறவில்லை, முழங்கால் புண்ணும் ஆறவில்லை. சீட்டில் "நாகம் குறைவு" என்று எழுதிக் கொடுத்தார்கள். சிங்க் என்கிற சத்துக்குப் பள்ளிப் புத்தகத்தில் உள்ள பெயர் அது. மருத்துவிச்சி றமீலா விளக்கித்தான் அனுப்பினார்.

"ரொட்டியும் பாலில்லாத சாயத்தண்ணியும் மட்டும் குடுத்தா எப்படிம்மா? முட்டை, நெத்தலிக் கருவாடு, ஊறவச்ச கடலை, இதுல ஏதாச்சும் தெனமும் குடுங்க."

வீட்டில் கணவன் கிருஷ்ணராஜ் சீட்டை வாசித்து முகம் வெளுத்துப் போனான். கல்யாணமான புதிதில் தேயிலை மலையில் வடிகால் கான் வெட்டும்போது ஒரு நல்லபாம்பை அடித்தவன் அவன்.

"இது நாகதோஷம். அதத்தான் சுருக்கி எழுதியிருக்காங்க."

"இல்லங்க, அது ஒரு சத்துங்க."

"பாம்புல என்னடி சத்து?"

சிரிக்கலாம்தான். ஆனால் அவன் பொல்லாதவன் இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தான். அதனால்தான் அவனோடு மல்லுக்கட்ட முடியவில்லை. அன்றே கோயிலில் நேர்ந்துகொண்டான்: நாற்பத்தெட்டு நாள் பிள்ளைக்கோ வீட்டுக்கோ கவுச்சி ஆகாது. முட்டையும் கவுச்சிதான்.

கலாராணி கடலையை ஊறவைத்து அவித்துக் கொடுத்தாள். பிள்ளை துப்பியது. மசித்துக் கொடுத்தாள். அதையும் துப்பியது. கடைசியில், வேலைக்குப் போகையில் பிள்ளையை விட்டுப் போகும் காம்பராவில், ஆயாவின் கையைப் பிடித்துக் கெஞ்சி, அவனுக்குத் தெரியாமல் தினம் ஒரு அவித்த முட்டை ஊட்ட வைத்தாள். அவளுக்கும் பயம்தான். சாமி குற்றமாகிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மலையில் கொழுந்து கிள்ளும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறியிருந்தது. புண்ணும் காய்ந்துவிட்டது. கிருஷ்ணராஜ் அங்கேயே அழுதுவிட்டான். நேராகக் கோயிலுக்கு ஓடினான், திரும்பி வந்தபோது நெற்றி நிறைய திருநீறு.

"பாத்தியா கலா, நாகம்மா மன்னிச்சிட்டா! ஒரு வருஷத்துக்கு நேந்துட்டு வந்துட்டேன். காம்பராவுல கண்டதையும் குடுத்துப்புடுவாங்க. நாளையிலருந்து புள்ள அங்க போக வேணாம், எங்க அக்கா வீட்டுல இருக்கட்டும்."

முட்டைதான் காரணம் என்று சொன்னால், இத்தனை நாளும் நேர்த்தியை முறித்தவள் அவள். இனிப் பிள்ளை தும்மினாலும் பழி அவள் தலையில். சொல்லாவிட்டால் பிள்ளை பழையபடி மெலியும்.

"என்ன நிக்கிற? சந்தோஷமா இல்லியா?" என்றான்.

"இருக்குங்க," என்றாள்.