வெளிவராத கேமுக்கு அட்வான்ஸ்

ஐந்தருவிக்குப் போற ரோட்டுல எங்க கடை. முன்பக்கம் பழக்கடை, அது என்னோடது. பின்னால ஒரு அறையில டிவி எல்லாம் வச்சு வீடியோ கேம் கடை, அது என் மகனோடது. குளிக்க வந்த இடத்துல எவன் வந்து டிவி முன்னால உக்காரப் போறான்னு ஆரம்பத்துல நானே அவனைக் கேட்டேன். ஆனா குத்தாலத்துல ஒரு விஷயம் இருக்கு. மேல மலையில மழை கொட்டி அருவியில தண்ணி கூடிப் போச்சுன்னா போலீஸ்காரங்க குளிக்க விட மாட்டாங்க. தலையில எண்ணெய் தேச்சிட்டு வந்த கூட்டம் அப்படியே ரோட்டுல நிக்கும். பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தவங்க பாவம், என்ன செய்யதுன்னு தெரியாம சிப்ஸை வாங்கித் தின்னுக்கிட்டு மழையில நனைவாங்க. அந்தக் கூட்டந்தான் எங்களுக்கு. மத்த கடைக்காரங்க எல்லாம் தண்ணி அளவா விழணும்னு கும்பிடுவாங்க. நாங்க மட்டும் கொஞ்சம் கூடுதலா விழட்டும்னு வெளிய சொல்லாம நினைச்சுக்கிடுவோம்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எண்ணுன்னா எப்பேர்ப்பட்ட எண்ணா இருந்தாலும் தடுமாறாது, சந்தையில நின்னு பழகினது. கடை வரவு முழுக்க பேங்குல என் பேர்லதான் விழுது. பேங்குல இருந்து வர்ற மெசேஜும் என் பட்டன் போனுக்குத்தான் வரும். அதனால என் மகன் போன்ல எந்தச் சாமானை வாங்கினாலும் கடைசியில என்கிட்ட வந்து நிக்கணும். நான் அந்த ஓடிபி நம்பரை வாசிச்சுச் சொன்னாத்தான் காரியம் முடியும். எனக்கு அதுல ஒரு பெருமை உண்டு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அவன் முன்னால வளைகுடாவுல கிட்டங்கி வேலை பார்த்தவன். அந்த வெயில்ல மூட்டை தூக்கி மூட்டை தூக்கி இடுப்பு எலும்பு தேஞ்சு திரும்பி வந்தான். வந்த புதுசுல குனிஞ்சு செருப்பை எடுக்கதுக்கே சுவத்தைப் பிடிப்பான். உக்காந்து பார்க்கிற தொழிலா இருக்கட்டும்னுதான் கேம் கடை வச்சது. நல்லாத்தான் போச்சு. போன சீசன்ல மெயின் அருவிப் பக்கம் ஏசி போட்டு ஒரு பெரிய கேம் கடை வந்துருச்சு. எங்க வாசலுக்கு வந்தவங்க எல்லாம் புதுசா என்ன கேம் இருக்குன்னு கேக்க, இருக்கிறதைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிட்டு அங்க போயிட்டாங்க. சீசன் முடிஞ்சு ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது என் மகன் சொன்னான், அடுத்த சீசனும் இப்படிப் போச்சுன்னா மறுபடி வெளிநாட்டுக்குப் போயிருவேன்னு. கோவமாச் சொல்லல. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துன்னு சொல்லுத மாதிரி சொன்னான். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு மறுபடி போனான்னா எப்படித் திரும்பி வருவான்?

இந்த வருசம் சாரல் தொடங்குததுக்கு முந்தி போனைத் தூக்கிக்கிட்டு வந்தான். புதுசா ஒரு கிரிக்கெட் கேம் வருதாம். இன்னும் வெளிய வரல, சீசன் நடுவுல வருமாம். இப்பவே துட்டுக் கட்டி வச்சா மத்தவங்களுக்குக் கிடைக்கதுக்குக் கொஞ்ச நாள் முந்தியே நமக்குக் கிடைச்சிருமாம். பிரீ ஆர்டர்னு பேரு சொன்னான்.

எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. இதைத்தானே நான் காலமெல்லாம் செஞ்சேன். மலையடிவாரத் தோப்புல மங்குஸ்தானும் ரம்புட்டானும் பழுத்த பெறகு போய்க் கேட்டா ஒண்ணும் கிடைக்காது. பூ எடுக்கும்போதே போகணும். மரத்தைச் சுத்தி வந்து பார்த்து, தோப்புக்காரர் கையில அட்வான்ஸைக் குடுத்துரணும். குடுத்துட்டா அந்த வருசத்துக்கு அது நம்ம மரம். அடுத்த வியாபாரி எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் தோப்புக்காரர் வாய் திறக்க மாட்டாரு. பூ கொட்டினா நட்டம் நமக்கு, குரங்கு தின்னாலும் நட்டம் நமக்கு, காய் பிடிச்சா லாபம் நமக்கு. அடுத்தவன் அந்த மரத்துப் பக்கம் வரக் கூடாது. அது பேச்சு.

அந்தச் சந்தோஷத்துல எதுத்தாப்புல சிப்ஸ் போடுத அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சேன், இந்த வருசம் புது கிரிக்கெட் கேம் குத்தாலத்துலயே எங்க கடையில மட்டுந்தான்னு. அவரு சட்டியில இருந்து கண்ணை எடுக்காமக் கேட்டாரு.

"அப்ப அந்த ஏசி கடைக்காரன் என்ன செய்வான் ஆச்சி?"

"வாசல்ல நின்னு பார்ப்பான்."

வீட்டுல வந்து இதைச் சொன்னதும் என் மருமகள் சிரிப்பை அடக்க மாட்டாம முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. அவ தென்காசியில ஒரு ஜவுளிக் கடையில பில் போடுதா, சீசனுக்கு மட்டும் லீவு சொல்லிட்டு என் கூட நிப்பா. மெல்ல எனக்கு எடுத்துச் சொன்னா. இது மரம் மாதிரி கிடையாதாம். எத்தனை பேரு துட்டுக் கட்டினாலும் அத்தனை பேருக்கும் குடுப்பானாம். ஏசி கடைக்காரனும் கட்டுவான், மதுரைக்காரனும் கட்டுவான். தீர்ந்தே போகாதாம்.

"தீராத சரக்குக்கு எதுக்குட்டி அட்வான்ஸு?"

"அதைத்தான் அத்தே நானும் அவங்ககிட்ட கேக்கேன்."

என் மகனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. முந்திக் கிடைக்கும்லா, அதுக்குத்தான்னான். அந்தக் கொஞ்ச நாளு கூட்டம் இங்கன வந்து பழகிட்டாப் பெறகும் வரும்னான். ஏசி கடைக்காரனும் கட்டினா அவனுக்கும்தானே முந்திக் கிடைக்கும்னா அவ. அவன் கட்டி நாம கட்டல்லன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருன்னான் இவன். ரெண்டு பேர் சொல்லுததும் சரியாத்தான் பட்டுச்சு. சரியாப் பட்டதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. ஒண்ணு தப்புன்னா மத்ததைப் பிடிச்சுக்கிடலாம்.

மறுநாள் சிப்ஸ் அண்ணாச்சி, ஆச்சி மரத்துக்கு வேலி போட்டாச்சான்னு கேட்டாரு. அவருக்கு யாரு சொன்னாவளோ. நான் பழத்தை அடுக்கிக்கிட்டு இருந்துட்டேன்.

மரம்னா பூவைப் பார்த்துச் சொல்லலாம். பூவைக் காட்டுன்னு மகன்கிட்ட கேட்டேன். போன்ல ஒரு படத்தைக் காட்டினான். மைதானத்துப் புல்லு ஒவ்வொண்ணாத் தெரியுது, ஆடுதவன் நெத்தியில வேர்வை வழியுது. இது ஆடும்போதும் இப்படித்தான் இருக்குமான்னு கேட்டேன். இது விளம்பரம், ஆட்டத்தை இன்னும் காட்டலன்னான். ஆடிப் பார்த்தவங்க யாரும் உண்டான்னு கேட்டேன். இருக்காங்களாம், ஆனா வெளிய வர்ற வரைக்கும் வாய் திறக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் கட்டுப்பாடு போட்டிருக்கானாம். இதே கம்பெனிக்காரன் முன்னால விட்ட கேம்ல பந்து மட்டையில படாமலே நாலு போச்சுன்னும், அதைச் சரி செய்ய அவன் மாசக்கணக்கா எடுத்தான்னும் மருமகள் வாசிச்சுக் காட்டினா. தோப்புக்குள்ள விடாத தோப்புக்காரர்கிட்ட நான் அட்வான்ஸ் குடுத்ததே கிடையாது. ஆனா பழம் இல்லன்னு என் மகன் ஊரை விட்டுப் போறேன்னு சொன்னதும் கிடையாதே.

அந்த நாளெல்லாம் கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். ரம்புட்டான் கேட்டவருக்கு மங்குஸ்தானை நிறுத்துக் குடுத்தேன். கேரளாவுல இருந்து புளியறை வழியா வர்ற பழ லாரிக்குப் போன் பண்ண மறந்து கடை பாதி காலியாக் கிடந்துச்சு. துட்டைக் கட்டிக் கேம் கோளாறா வந்தா, வந்த கூட்டம் சிரிச்சுட்டுப் போகும், இவன் கிளம்பிருவான். கட்டாம விட்டு அந்தக் கடையில வந்து நல்லா ஓடிச்சுன்னா, நான்தான் கெடுத்தேன்னு நினைச்சுக்கிட்டே கிளம்புவான். நினைச்சதை வாயால சொல்லவும் மாட்டான். அது அவங்க அப்பா புத்தி.

கடைசியில வாங்கிருவோம்னு முடிவு பண்ணினேன். பூ பார்த்து எடுத்த முடிவு இல்ல. இவன் முகத்தைப் பார்த்து எடுத்தது.

சொன்னதும் அவன் ஒரு பழப்பெட்டி மேல உக்காந்து போனைத் தட்டினான். மடியில இருந்த என் போன் கத்திச்சு. நம்பர் வந்துருச்சு. வாசிக்கப் போறதுக்கு முந்தி, ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், வெளிய வர்ற அன்னைக்கு இதை வாங்க எங்க போகணும், தென்காசிக்கான்னு.

"யாரும் எங்கயும் போக வேண்டாம்மா. இப்பத் துட்டைக் கட்டிட்டா அன்னைக்குக் கேம் பெட்டி அதுவாவே நெட்டுல இருந்து இறக்கி வச்சுக்கிடும். நீ காலையில சுவிட்சைப் போட்டாப் போதும்."

"நான் எதுக்குலே போடணும்? நீ எங்க போற?"

அவன் போனையே பார்த்துக்கிட்டு இருந்தான். அன்னைக்கு லீவுன்னு கடையில பழம் அடுக்கிக்கிட்டு இருந்த மருமகள் கை நின்னு போச்சு. அவ என்னையும் பார்க்கல, அவனையும் பார்க்கல.

கொஞ்ச நாளாவே எந்த வயர் எதுல மாட்டணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தான். ஆட்டம் ஆடுத ரிமோட் எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு மாட்டினான். கேம் அறைக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியை அவ கையில குடுத்தான். வெள்ளைத் துணிக்கு முன்னால நின்னு போட்டோ பிடிச்சுட்டு வந்து, ஆதார்ல மாத்தணும்னான். நான் எல்லாத்தையும் சீசனுக்கு ஏற்பாடுன்னு நினைச்சுச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன். சீசன் தேறுமா தேறாதான்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன், அவன் பார்த்து முடிச்சுட்டான். விசா வந்துருச்சாம், போன்ல இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னான். சீசன் நடுவுல கிளம்பணுமாம். அவன் இல்லாத நேரத்துல நாங்க ரெண்டு பொம்பளைக புதுக் கேம் இல்லாம நிக்கக் கூடாதேன்னுதான் இந்தப் பிரீ ஆர்டர்.

"எம்மா, நம்பரைச் சொல்லு. நேரம் போயிரும்."

"சொல்ல மாட்டேன்."

போகாதலேன்னு சொல்லியிருக்கலாம். அது வாய் வரைக்கும் வந்துச்சு. வந்திருந்தா கூடவே அழுகையும் வந்திருக்கும். ரோட்டுல ஆள் நிக்கும்போது நான் அழுததில்ல, புருசன் போனப்பவும் வீட்டுக்குள்ள போய்த்தான் அழுதேன். அதனால வியாபாரமாவே பேசினேன்.

"அது வெளிய வரட்டும். நீ இருந்து ஆடிப் பாரு. நல்லாருந்தா நீயே வாங்கி வச்சுட்டுப் போ. பார்க்காத சரக்கை என் தலையில கட்டிட்டுப் போகாத."

அவன் மறுபடி தட்டினான். என் மடியில மறுபடி கத்திச்சு. நான் கையை வைக்கல. திரும்பவும் தட்டினான். மூணு பேரும் அந்தப் போன் கத்துததைக் கேட்டுக்கிட்டு இருந்தோம். பெறகு எந்திரிச்சு, இடுப்புல கையை வச்சுக்கிட்டே உள்ள போயிட்டான். மருமகள்கிட்ட, உனக்கு எப்பத் தெரியும்னு நான் கேக்கல. அவ கண்ணு ரெண்டும் வீங்கித்தான் இருந்துச்சு, அதையும் நான் சளின்னு நினைச்சிருக்கேன்.

சாயங்காலம் கடை சாத்தும்போது வந்து நின்னான். சரிம்மா, அது வரட்டும், பார்த்து வாங்கி வச்சுட்டுப் போறேன், அதுவரைக்கும் டிக்கெட் போடலன்னான். போக மாட்டேன்னு சொல்லல. எனக்குக் கிடைச்சது அவ்வளவுதான். தோப்பைக் கேட்டுப் போய் ஒரு கிளையோட திரும்பின மாதிரி.

சாரல் நல்லாவே விழுந்துச்சு. அருவியிலயும் குளிக்க விடாம அடிக்கடி கயிறு கட்டினாங்க, கடையிலயும் கூட்டம் நின்னுச்சு. ஏசி கடையில இடமில்லன்னு இங்க வந்தவங்களும் உண்டு. அந்தக் கேம் வர்ற நாள் நெருங்க நெருங்க நான் காலண்டர்ல தாள் கிழிக்கதையே விட்டுட்டேன். அப்பத்தான் ஒருநாள் என் மகன் எரிச்சலா வெளிய வந்தான். கம்பெனிக்காரன் தேதியைத் தள்ளி வச்சுட்டானாம், வேலை முடியலையாம், புதுத் தேதியும் சொல்லலையாம். துட்டுக் கட்டினவன் எல்லாம் அவனைத் திட்டி எழுதுதான்னான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அழுகின பழத்தைப் பொறுக்கினேன். முகத்தைக் காட்டியிருந்தா கண்டுபிடிச்சிருப்பான். அந்தக் கம்பெனிக்காரன் எந்த ஊர்க்காரனோ, அவன் குடும்பம் நல்லாருக்கட்டும்.

ஆனா விசாவுக்கும் ஒரு கெடு இருக்காம், அதுக்குள்ள போயாகணுமாம். அதை மருமகள்தான் சொன்னா. எது முந்தும்னு அவளுக்கும் தெரியல. தினம் காலையில கடை திறக்கும்போது நான் அவளைப் பார்ப்பேன். அவ போனைப் பார்த்துட்டு, இன்னும் தேதி சொல்லல அத்தேம்பா. அதுக்குப் பெறகுதான் எனக்குக் கதவைத் தள்ளத் தெம்பு வரும்.

இன்னைக்கு அருவியில குளிக்க விடல. உள்ள கூட்டம். மதுரைப் பக்கத்துல இருந்து வந்த ஒருத்தரு அந்தப் புது கிரிக்கெட் கேம் இருக்கான்னு கேட்டாரு. அடுத்த வாரம் வாங்க சார், வந்துரும்னு என் மகன் சொன்னது எனக்கு இங்க கேட்டுச்சு. மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவ அவசரமாப் போனைத் தட்டிப் பார்த்தா.

"ஒண்ணும் வரல அத்தே. சும்மா சொல்லுதாங்க."

சும்மாத்தானான்னு கேக்கணும் போல இருந்துச்சு. கேட்டா அவளும் பயந்துருவா. தராசுல பழம் கிடக்கு, வாங்க வந்த அம்மா பையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. இது மங்குஸ்தான்தானான்னு ஒருதடவை பார்த்துட்டு நிறுக்கேன்.