கண்ணை மட்டும் விட்டுவிட்டு

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பாலர் பள்ளி. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். பெரியவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். சின்னப் பிள்ளைகளிடம் அந்தக் கூச்சம் வருவதில்லை. அவர்களுக்கு ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்து, கூட்டி வாசிக்க வைத்து, முதலாம் ஆண்டுக்கு அனுப்புவது என் வேலை.

வருடத் தொடக்கத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்களில் சிலர் கையோடு ஒரு ரோத்தானும் கொண்டுவருவார்கள். மளிகைக் கடையில் துடைப்பங்களுக்குப் பக்கத்தில் கொத்தாகத் தொங்கும் மெல்லிய பிரம்பு, பிளாஸ்டிக் பிடி போட்டது. அதை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டி, "கண்ண மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்ததெல்லாம் உங்க பாடு" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் பள்ளியில் அடிப்பதில்லை. ஆனால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், இவர்கள் எங்கே பாடம் நடத்தப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் வாங்கிக்கொள்வோம். அவர்கள் போனதும் நான் அதைச் செடி வெட்டும் கத்தரியால் பென்சில் நீளத்துக்கு வெட்டி, முனைகளைத் தேய்த்து ஒரு பால் டின்னில் போட்டு வைப்பேன். வாசிக்கும்போது எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்தப் பிள்ளைகளுக்கு அந்தக் குச்சிகள்தான்.

அந்தப் பெண்பிள்ளைக்கு ஆறு வயது. அப்பா லோரி ஓட்டுபவர். சிவப்புப் பிடி போட்ட ரோத்தான் ஒன்று அவரும் கொடுத்திருந்தார். முதல்முறை அவள் கையில் குச்சியைக் கொடுத்தபோது விரல்கள் விறைத்துக்கொண்டன. நாற்காலியிலிருந்து மூத்திரம் சொட்டியது. அதன்பிறகு அவளுக்கு மட்டும் ஐஸ்கிரீம் குச்சி கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொள்வாள். வாயைத் திறக்கமாட்டாள்.

ஒருநாள் இடைவேளையில் அவள் விளையாட்டு மூலையில் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். துணிப் பொம்மையைச் சுவரோரம் உட்காரவைத்து அதன் முன்னால் புத்தகத்தை விரித்திருந்தாள்.

"இது என்னா எழுத்து?"

பொம்மைக்காகவும் அவளே பதில் சொன்னாள். "ம்ம்ம்."

பொம்மையின் தலை சுவரில் மோதியது. "என்னாடி மாடு மாதிரி கத்துற? ஊமையா நீ? ஒழுங்கா சொல்லு!"

"ம்ம்ம்."

மறுபடியும் சுவர். பிறகு தரையில் போட்டு மிதித்தாள். பொம்மையின் கண்ணாக இருந்த பொத்தான் தெறித்து ஓடியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, கண்ணு" என்று தேடி எடுத்து, அது இருந்த இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் எழுத்தின் பெயரை முதலில் சொல்லித் தருவதில்லை. 'எம்' என்று சொல்லாமல், உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று ஓசையைத்தான் பழக்குவோம். ஓசை பிடிபட்டால்தான் கோத்து வாசிக்க வரும். வீட்டில் அப்பா எழுத்தின் பெயரைக் கேட்டிருக்கிறார். அவள் நான் சொல்லித் தந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெல்லாம் தடிப்பு, பழையதன் மேல் புதியது.

தலைமையாசிரியை உடனே அப்பாவைப் போனில் அழைத்தார். வீட்டுக்குப் போகும் நேரம் ஆவதற்குள் அவர் வந்துவிட்டார். பள்ளி அலுவலகத்துக்குப் போகவில்லை. நேராக வகுப்புக்குள் நுழைந்தார்.

"எம்மேல கம்ப்ளைனா? எம்பிள்ளைய நான் அடிப்பேன், உங்களுக்கு என்னா?" பலகையில் இருந்த அதே எழுத்தில் விரலைக் குத்தினார். "இது என்னா? சொல்லுடி!"

பிள்ளை என்னைப் பார்த்தாள். உதடுகள் மூடின. ஓசை வரவில்லை.

"பாருங்க! ஒரு எழுத்துத் தெரியல. நான் குடுத்த ரோத்தான் எங்க டீச்சர்?"

என் கண் என்னை மீறி டின் பக்கம் போனது. அவரும் பார்த்தார். குச்சிகளுக்கு நடுவே சிவப்புப் பிடி தெரிந்தது.

"வெட்டிட்டீங்களா?" குரல் தாழ்ந்தது. "நம்பி கையில குடுத்தேன்லா."

"பிள்ளைங்க வாசிக்கத்தான் அண்ணே..." எனக்கே கேட்கவில்லை என் குரல்.

டின் பறந்து சுவரில் மோதியது. பெல்ட்டை உருவினார். முதல் அடி பிள்ளையின் காலில் விழுந்தது. அவள் சத்தம் போடவில்லை. மற்றப் பிள்ளைகள்தான் அலறினார்கள். அடுத்ததற்குள் நான் குறுக்கே போய்விட்டேன். இரும்புக் கொக்கி என் மணிக்கட்டில் பட்டு உள்ளே ஏதோ முறிந்தது. இன்னொன்று காதில். அவள்மேல் கவிழ்ந்து படுத்தேன். "தள்ளு டீச்சர், தள்ளு!" என்று இடுப்பில் உதைத்தார்.

சத்தம் கேட்டுப் பட்டறைக்காரரும் அவருடைய வேலையாட்களும் ஏறி வந்தார்கள்.

"பொம்பளைங்ககிட்டதான் ஒன் வீரமா? எங்கள அடி பாப்போம், வா லா!"

ஹெல்மெட்டால் அடித்தார்கள். அவர் விழுந்தார். விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. எழுத்துகள் அச்சடித்த பாயில் ரத்தமும் ஒரு பல்லும் கிடந்தன. ஒருவன் அவர் முகத்தை நோக்கிக் காலை ஓங்கினான். எனக்கு அடியிலிருந்து பிள்ளை நழுவி ஓடினாள்.

"கண்ண விட்டுடுங்க அங்கிள்! அப்பா கண்ண மட்டும் விட்டுடுங்க!"

ஓங்கிய கால் இறங்கியது. அந்த அறையில் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

போலீஸ் நிலையத்தில் பிள்ளையின் அம்மா என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "கேஸ் வேணாம் டீச்சர். கோவத்துல செஞ்சிட்டாரு. வெளிய வந்தா எங்களத்தான் போட்டு அடிப்பாரு."

"அதனாலதான்கா" என்றேன். பிள்ளையின் முதுகு முதல் என் மணிக்கட்டு வரை, தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது தாயும் மகளும் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள். அப்பா கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு. வழக்கு இன்னும் முடியவில்லை.

பிள்ளை திரும்பி வந்தாள். வாய் திறக்கவில்லை. விளையாட்டு மூலையில் பொம்மைக்கு மட்டும் முன்னைவிட அதிகமாக அடி விழுந்தது. ஒரு காலையில், மாவுக்கட்டுப் போட்ட கையோடு நான் போய்ப் பொம்மையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"என்னைக் கேளுங்க டீச்சர்."

புத்தகத்தை என் முன்னால் விரித்தாள். அதே எழுத்தைக் காட்டினாள். நான் வேண்டுமென்றே "ஸ்ஸ்ஸ்" என்றேன்.

கன்னத்தில் அறைந்தாள். வலித்தது. அசையாமல் இருந்தேன். மறுபடியும் காட்டினாள். மறுபடியும் தப்பாகச் சொன்னேன். கை ஓங்கியது, அப்படியே நின்றது. பிறகு இறங்கி என் விரலைப் பிடித்து இழுத்து, எழுத்துக்குக் கீழே வைத்து நகம் வெளுக்க அழுத்தியது.

"ம்ம்ம்" என்றாள், பல்லைக் கடித்தபடி. "சொல்லு."

"ம்ம்ம்" என்றேன்.