இருபது படங்களின் வரிசை

எங்கள் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்து ஸ்மார்ட் போர்டுக்கு ஒரு துணி உறை உண்டு. அறைப் பூட்டின் திறப்பு பள்ளியை நடத்தும் அதிபரிடம். பிள்ளைகள் தொட்டால் கீறு விழுந்துவிடுமாம். தரம் மூன்றுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் நான் கெஞ்சினால்தான் திறப்பு கிடைக்கும்.

கல்வி அதிகாரிகள் வருகிறார்கள் என்று கடிதம் வந்ததும் உறை தானாகக் கழன்றது.

"இருபது படம் போடுங்கோ, டீச்சர். படம் வந்தவுடனே எல்லாரும் இங்கிலிஷ் பேரை ஒரே குரலிலே சொல்லவேணும். ஒரு பிழையும் வரப்படாது," என்றார் அதிபர்.

இரண்டு கிழமை அதே இருபது படம், அதே வரிசை. நாலாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. ஒருவரும் படத்தைப் பார்ப்பதில்லை, வரிசையைப் பாடமாக்கிவிட்டார்கள். ஆப்பிளுக்குப் பிறகு பஸ், பஸ்ஸுக்குப் பிறகு குடை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதிபருக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. எனக்கும் கைதட்டல் வேண்டியிருந்தது, வெட்கக்கேடு.

துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகள் என் வகுப்பில் இருந்தாள். முதல் தவணை முழுக்க ஒரு சொல் பேசாதவள். அப்போதுதான் மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தாள். காய்ச்சலில் அந்த இரண்டு கிழமையும் வராதவள், அதிகாரிகள் வரும் காலையில் வந்து நின்றாள். ஒத்திகையில் இல்லாத பிள்ளை குழப்பிவிடுமே என்று கடைசி வரிசை வாங்கில் இருத்தினேன்.

"இண்டைக்கு வாயைத் திறக்கப்படாது, சரியா?"

"ஓம் டீச்சர்."

மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்வதுபோல் கேக்கும் பற்றிஸும் கொடுத்து அதிகாரிகளை இருத்தினோம். பிள்ளைகளின் முகம் தெரியவேண்டுமென்று கதிரைகளைத் திருப்பிப் போட்டிருந்தார் அதிபர். போர்ட் அவர்களுக்கு முதுகுப்பக்கம். தொடங்கமுதல் கரண்ட் போய் வந்தது. போர்ட் திரும்ப எழும்பியபோது படங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டுவிட்டது. முதலில் மீன் வந்தது.

"ஆப்பிள்!" என்று வகுப்பே கத்தியது.

கடைசி வாங்கிலிருந்து ஒரு சின்னக் குரல், "ஃபிஷ்" என்றது.

அதிபர் என்னை முறைத்தார். நான் அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். சரியாகச் சொன்ன ஒரே பிள்ளையை நானே அடக்கினேன். மிச்சப் படங்களுக்கு வகுப்பு பிழைபிழையாகக் கத்த, ஒரு அதிகாரியாவது கழுத்தைத் திருப்பிப் போர்டைப் பார்க்கவேண்டுமே! கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். போகும்போது பற்றிஸ் நன்றாக இருந்ததென்றார்கள்.

"அந்தப் பிள்ளைதான் குழப்பப் பார்த்தது," என்றார் அதிபர். அதற்கும் நான் தலையாட்டினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அவர்மேலும் என்மேலும்.

அடுத்த நாள் போர்ட் உறைக்குள் போய்விட்டது. நான் புத்தகத்தில் மீன் படத்தைக் காட்டி, அவளிடம் போய்க் குனிந்து, இது என்னவென்று கேட்டேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்தாள்.